தூக்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடம்: பெங்களூரின் அவசர டோயிங் வண்டிகளில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஓசூர் சாலையில், கூட்லு கேட் பக்கம் சர்வீஸ் ரோட்டில் ஒரு டீக்கடை. இரவு பத்து மணிக்கு மேல் அதன் எதிரே மூன்று நான்கு ஃபிளாட்பெட் வண்டிகள், அதாவது பழுதான காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் டோயிங் வண்டிகள், வரிசையாக நிற்கும். சங்ககிரிக்காரர் ஒருவர் தன் வண்டியின் வின்ச் ரோப்பை, பழுதான வண்டியை இழுக்கும் கம்பிக் கயிற்றை, சோதித்ததை அங்கேதான் பார்த்தேன். ரோப்பை முழுக்க வெளியே இழுத்துப் போட்டார். கிழிந்த பனியன் துணி ஒன்றை அதன் மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். ஏழெட்டு அடி போனதும் துணி மாட்டிக்கொண்டது. டார்ச் அடித்துக் காட்டினார். தலைமயிர் கனத்தில் ஒரு கம்பி இழை அறுந்து, முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

“இது ஒண்ணுன்னா பரவால்லைங்க. ஒரே எடத்துல நாலஞ்சு முள்ளு கெடச்சா ரோப்பை மாத்தியே ஆகணும். கையில தடவிப் பாத்துறாதீங்க, கிழிச்சிரும். துணிதான்.”

அவரிடம் நான் போய் நின்றதற்குக் காரணம் உண்டு. போன மழைக்காலத்தில், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலையில் என் கார் கிளட்ச் போய் நின்றுவிட்டது. அம்மாவும் பையனும் உள்ளே. இரவு ஒன்பதரை. 2010-இல் திறந்த அந்தச் சாலை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளம். ஏறிவிட்டால் இறங்க வழி வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். நான் நின்ற இடத்தில் ஒதுங்க இடம் இல்லை. போன் செய்த ஒரு சேவையிலிருந்து நாற்பது நிமிடத்தில் வண்டி வந்தது. வந்தவர் ஒரே ஆள். காலில் செருப்பு, கறுப்பு டீசர்ட். சாலையில் வைக்கும் எச்சரிக்கைக் கூம்பு இல்லை, வண்டிக் கூரை மேல் எரியும் விளக்கு இல்லை. நேராக வலப்பக்கம் போய், போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி நின்று லீவரை இழுக்க ஆரம்பித்தார். ஒரு சொகுசுப் பேருந்து அவர் சட்டையை உரசாத குறையாகப் போனது. பையன் கத்தியேவிட்டான். அவரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அன்றிலிருந்து கிடைத்த டோயிங் ஆட்களிடமெல்லாம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு உறுதியாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. டோயிங் வண்டியில் விலை உயர்ந்தது ஹைட்ராலிக்கும் வின்ச்சும். ஆனால் ஆளைச் சாவிலிருந்து காப்பாற்றுவது அந்த வண்டியிலேயே மலிவான பொருள்கள்: கூம்பு, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டை, விளக்கு, ஒளிரும் மேலங்கி. நாம் வண்டி கூப்பிடும்போது இவற்றைப் பற்றிக் கேட்பதே இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெங்களூரில் டோயிங் என்றதும் பலருக்கு நினைவு வருவது, நோ பார்க்கிங்கில் நின்ற பைக்கை நாலு பையன்கள் அள்ளி லாரியில் போட்டுக்கொண்டு போன காட்சி. அல்சூரிலோ சிவாஜி நகரிலோ வண்டியைக் காணோம் என்று ஓடாத தமிழர் குறைவு. மக்கள் கோபம் முற்றி 2022 பிப்ரவரியில் கர்நாடக அரசு அதை நிறுத்திவைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. ஓடும் சாலையில் பழுதாகியோ, மோதியோ, கவிழ்ந்தோ கிடக்கும் வண்டியை மீட்க வரும் அவசர வண்டியைப் பற்றியது. லாரிக்காரர்கள் இதை ‘ரெக்கவரி’ என்பார்கள்.

நின்ற இடமே ஆபத்து

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். எதிரே ஏதோ நிற்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்த பிறகு, நல்ல டயரும் காய்ந்த சாலையுமாக இருந்தால் இன்னும் 40 மீட்டர். மொத்தம் 75 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. மழையில் நனைந்த சாலை என்றால் 95 மீட்டர்கூட ஆகும். காருக்கே இப்படி. பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் தூரம் வேண்டும்.

பழுதான வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைத்த எச்சரிக்கை முக்கோணம் ஏன் பயனற்றது என்பது இதிலேயே தெரியும். நெடுஞ்சாலையில் முதல் கூம்பு நூறு மீட்டருக்குக் குறையாமல் பின்னால் இருக்க வேண்டும். அங்கிருந்து சாய்வாக, ஒவ்வொன்றாக, வண்டியை நோக்கி வர வேண்டும். வருகிற ஓட்டுநரின் கண்ணை மெல்ல அடுத்த தடத்துக்குத் திருப்பிவிடுகிற கோடு அது. இரண்டு கூம்பை வைத்து அந்தக் கோடு வராது. ஐந்தாறாவது வேண்டும், ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பட்டை ஒட்டியதாக வேண்டும். மேம்பாலத்தின் வளைவுக்கு அப்புறம் வண்டி நின்றிருந்தால் கூம்பு வளைவுக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். வளைவு தாண்டித் தெரிகிற எச்சரிக்கை எச்சரிக்கையே இல்லை.

நம் லாரிக்காரர்களுக்கு இந்த அறிவு எப்போதும் உண்டு. கூம்பு இல்லாத காலத்தில் மரக்கிளையை ஒடித்துப் பின்னால் கட்டினார்கள், சாலையில் கல் அடுக்கினார்கள். நோக்கம் சரிதான், பொருள்தான் தவறு. பழுது நீங்கி லாரி போய்விடும். கல் அங்கேயே கிடக்கும். இரவில் பைக்கில் வருபவருக்கு அந்தக் கல் தெரியாது. அத்திபெலே, சந்தாபுரா பக்கம் போகிறவர்கள் கல் வரிசையைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் லாரியே இருக்காது. கூம்பில் மோதினால் கூம்பு சாயும். கல்லில் மோதினால் ஆள் சாய்வார்.

விளக்கைப் பொறுத்தவரை, உலகின் பெரும்பகுதியில் டோயிங் வண்டிக்கு உரியது ஆம்பர் என்கிற காவி மஞ்சள் நிறம். ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதுபோல வழி விடச் சொல்லும் விளக்கு அல்ல இது. ‘இங்கே மெதுவாக ஏதோ நடக்கிறது’ என்று சொல்லும் விளக்கு. கூரை மேல், எந்தப் பக்கமிருந்தும் தெரியும்படி இருக்க வேண்டும். ஃபிளாட்பெட்டில் கார் ஏறிவிட்டால் கூரை விளக்கைக் கார் மறைக்கும், அதனால் பின்பக்கமும் ஒன்று வேண்டும். அதே சமயம் அளவுக்கு மீறிப் பளிச்சென்று அடித்தால் வருகிறவர் கண் கூசி, விளக்குக்குக் கீழே வேலை செய்யும் ஆளையே பார்க்க முடியாமல் போகும். இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற எல்.இ.டி. பட்டைகளை நாலு நிறத்தில் மாட்டிக்கொண்டு வரும் வண்டிகளில் இந்தக் கோளாறுதான்.

மேலங்கியில் இரண்டு வேலை இருக்கிறது என்பது எனக்கே பின்னால்தான் புரிந்தது. அந்தக் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் பகலுக்கு. இரவில் நிறம் உதவாது. குறுக்கே ஓடும் சாம்பல் பட்டைதான் உதவும். ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே அது திருப்பி அனுப்புகிறது. ஐ.எஸ்.ஓ. 20471 என்கிற சர்வதேசத் தரம் இவை இரண்டையும், எவ்வளவு பரப்பு இருக்க வேண்டும் என்பதையும் தனித்தனியாக வரையறுக்கிறது. அழுக்கும் கிரீசும் படிந்து, நூறு முறை துவைத்த பட்டை வெறும் துணி.

எந்தப் பக்கம் நின்று வேலை செய்வது என்பது இதையெல்லாம்விட முக்கியம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஓரத்தில் ஒதுங்கிய வண்டிக்கு வலப்பக்கம்தான் போக்குவரத்து. எனவே லீவர், பெல்ட்டை இறுக்கும் ராட்செட், ஹூக் எல்லாவற்றையும் முடிந்தவரை இடப்பக்கமிருந்தே இயக்க வேண்டும். நல்ல ஃபிளாட்பெட்டில் இரண்டு பக்கமும் லீவர் இருக்கும். கையடக்க ரிமோட் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளூரில் கட்டிய பல வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் லீவர் வைத்துவிடுகிறார்கள். அதுவும் வலப்பக்கமாக அமைந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் சாலையில் நிற்க வேண்டியிருக்கிறது. வண்டி கட்டும்போதே சில ஆயிரத்தில் முடிகிற விஷயம் இது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் மரணங்களைத் தனியாக எண்ணியிருக்கிறார்கள். 2011 முதல் 2016 வரை அங்கே 191 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் தொழிலாளருக்கு ஏறத்தாழ 43 மரணம். தனியார் துறை முழுவதற்கும் சேர்த்த சராசரி 3-ஐக்கூடத் தொடவில்லை. அங்கே ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் உண்டு: ஓரத்தில் விளக்கு எரியும் மீட்பு வண்டியைக் கண்டால் அடுத்த தடத்துக்கு விலகு, இல்லையேல் வேகத்தைக் குறை. பெங்களூரில் நாம் செய்வது என்ன? மெதுவாக்குகிறோம், வேடிக்கை பார்க்க. போனை ஜன்னல் வழியே நீட்டுகிறோம்.

தூக்கும் கணக்கு

டோயிங் வண்டிக்குப் பிறந்த ஊர் அமெரிக்காவின் சாட்டனூகா. 1916-இல் நண்பரின் கார் ஓடையில் கவிழ்ந்து, ஆட்களும் கயிறும் கட்டையுமாக மணிக்கணக்கில் போராடி வெளியே எடுத்த எர்னஸ்ட் ஹோம்ஸ், இதற்கு ஒரு வழி வேண்டும் என்று காடிலாக் கார் ஒன்றின் சட்டகத்தில் மூன்று கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்தினார். அந்த ஊரில் இன்று டோயிங்குக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. வேலையில் உயிர்விட்ட ஆட்களின் பெயர் பொறித்த நினைவுச்சுவரும் அங்கேதான்.

இன்று பெங்களூரில் ஓடுபவை பெரும்பாலும் மூன்று வகை. பழைய கொக்கி கிரேன், முன் அல்லது பின் சக்கரங்களை மட்டும் கவ்வித் தூக்கும் வீல் லிஃப்ட், முழு வண்டியையும் மேலே ஏற்றும் ஃபிளாட்பெட். கவிழ்ந்த பேருந்துக்கும் டிரெய்லருக்கும் கனரக கிரேன் தனி.

வீல் லிஃப்ட்டில் பலருக்குத் தெரியாத ஆபத்து முன்சக்கரத்தில் இருக்கிறது. பின்னால் பாரம் தொங்கத் தொங்க, பின் அச்சு சீசாவின் நடுக்கட்டை மாதிரி ஆகி, முன்பக்கம் இலேசாகும். கணக்கு எளிது. முன் அச்சில் 1,800 கிலோ இருக்கும் வண்டி என்று வையுங்கள். இரு அச்சுக்கும் இடையே 3.4 மீட்டர், பின் அச்சிலிருந்து கவ்வும் இடம் 1.7 மீட்டர். நீங்கள் 900 கிலோவைத் தூக்கினால் முன்பக்கம் 450 கிலோ குறையும். 1,800 கிலோவைத் தூக்கினால் முன்பக்கம் 900 குறைந்து பாதிதான் மிஞ்சும். தொழிலில் ஏற்றுக்கொண்ட எல்லை அந்தப் பாதி. அதற்குக் கீழே போனால் ஸ்டீயரிங் திருப்பினாலும் சக்கரம் சாலையைப் பிடிக்காது, முன் பிரேக்கும் பாதி வேலைதான் செய்யும். ‘எங்க வண்டி அஞ்சு டன் தூக்கும்’ என்று சொல்பவர் சொல்வது கையின் பலத்தை. கால் ஊன்றி நிற்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. ஜே 2512 தரம் டோயிங் கருவிகளின் திறனை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதற்கென்றே வந்தது. பிரிட்டனில் பி.ஏ.எஸ். 43 என்பது சாலையோர மீட்பு வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையையே விவரிக்கிறது. வண்டி, கருவி, ஆளின் பயிற்சி எல்லாம் அதில் வரும்.

ரோப்புக்கு வருவோம். வின்ச்சில் எழுதியிருக்கும் இழுவைத் திறன், ரோப்பு சுற்றும் உருளையான டிரம்மின் முதல் அடுக்குக்கு மட்டும். மேலே மேலே சுற்றச் சுற்ற வட்டம் பெரிதாகி, திறன் குறைந்துகொண்டே வரும். அதற்காக ரோப்பைக் கடைசிவரை இழுத்துவிடவும் கூடாது. டிரம்மில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் முழுக்க நுனிக் கிளிப்பின் மேல் விழும். கப்பி போட்டு இரட்டை ரோப்பாக இழுத்தால் இழுவை இரண்டு மடங்காகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது கப்பி கட்டிய கொக்கியிலும் இரண்டு மடங்கு விழும் என்பதைத்தான் மறக்கிறார்கள். சேற்றில் அச்சு வரை புதைந்த கார், உருண்டு வரும் காரைவிடப் பல மடங்கு இழுவை கேட்கும். ரோப்பு அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

அறுந்த கம்பி ரோப்பு சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். இழுபடும்போது அதன் மேல் கனமான சாக்கோ போர்வையோ போட்டுவைப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம். அறுந்தால் வேகத்தை அது அமுக்கும். ரோப்பின் நேர்கோட்டிலும், கப்பி போட்டிருந்தால் இரண்டு ரோப்புக்கும் நடுவே உள்ள முக்கோணத்திலும் ஒருவரும் நிற்கக் கூடாது. நம் ஊரில் அந்த முக்கோணத்துக்குள்தான் கூட்டமே நிற்கும், ‘இழு இழு’ என்று கை தட்டிக்கொண்டு.

சங்கிலியில் இன்னொரு கணக்கு. இரண்டு கால் சங்கிலியால் ஒன்றைத் தூக்கும்போது கால்கள் எவ்வளவு விரிகின்றனவோ அவ்வளவு பளு ஏறும். நேராகத் தொங்கினால் காலுக்குப் பாதி எடை. நடுவில் 120 பாகை விரிந்தால் ஒவ்வொரு காலிலும் முழு எடை. 10 மில்லிமீட்டர் கனமுள்ள, 80 கிரேடு தூக்குச் சங்கிலி ஒற்றைக் காலில் பாதுகாப்பாகத் தாங்குவது 3.15 டன், அறுவது அதைப்போல நாலு மடங்கில். அந்த நாலு மடங்கு உபரி, திடீர்க் குலுக்கலுக்கும் தேய்மானத்துக்கும் என்று வைத்த இடைவெளி. ‘இன்னும் தாங்கும்’ என்று அதற்குள் புகுந்து வேலை பார்ப்பது கடன் வாங்கிச் செலவழிப்பது மாதிரி. கம்பி ரோப்புக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 2266 என்கிற தரம் இருக்கிறது. ஜே.சி. ரோட்டில் ரோப்பு வாங்கும்போது தரச் சான்றும் தாங்கும் எடை எழுதிய சீட்டும் கேட்டால் கிடைக்கும். கேட்காதவர்களுக்குப் பழைய கிரேனில் கழற்றியதும் கிடைக்கும்.

ஃபிளாட்பெட்டில் கார் ஏறிய பிறகு, நான்கு சக்கரத்தையும் தனித்தனி பெல்ட்டால் கட்டுவதே நல்லது. உடம்பைக் கட்டினால் சஸ்பென்ஷன் அமுங்கி எழும் ஒவ்வொரு பள்ளத்திலும் பெல்ட் தளரும். பெங்களூர்ச் சாலையின் பள்ளங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தைக் கட்டினால் காரின் உடம்பு ஆடும், சக்கரம் அசையாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி ராட்செட்டை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பவர் நல்ல ஓட்டுநர். ஏற்றிய காருக்குள் ஆளை உட்காரவைப்பவர் அப்படியல்ல. அன்று என் அம்மாவையும் பையனையும் ‘உள்ளேயே உட்காந்துக்கட்டும் சார்’ என்றார் வந்தவர். கேபினில் இரண்டு இருக்கைதான் இருந்தது. இதற்கு வழி முன்கூட்டியே யோசிப்பதுதான். குடும்பத்தோடு போனவர் வண்டி நின்றால் நாலைந்து பேர் உட்காரும் இரட்டைக் கேபின் வண்டி வர வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தனியாக ஒரு டாக்ஸி.

தண்ணீரும் மின்சாரமும்

2022 செப்டம்பர் முதல் வாரம். பெல்லந்தூர், யமலூர் பக்கம் வெள்ளம். மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் அடித்தள பார்க்கிங்குகளில் மூழ்கிய கார்களை எடுக்க நகரத்தின் டோயிங் வண்டிகள் போதவில்லை. ‘ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமே’ என்று சாவியைத் திருகியவர்கள்தான் கூடுதல் செலவு செய்தார்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். மூழ்கிய காரை நியூட்ரலில் வைத்து, மெதுவாக வின்ச்சால் இழுத்து, ஃபிளாட்பெட்டில் ஏற்றுவது ஒன்றே சரி.

மின்சாரக் கார் இன்னொரு பாடம். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும். சுழலும் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும். மோட்டாரோடு இணைந்த, வண்டியை ஓட்டும் சக்கரம் தரையில் இருக்கக் காரை இழுத்துக்கொண்டு போனால் சூடேறிப் பழுதாகும், தீப்பிடிக்கவும் கூடும். எனவே ஃபிளாட்பெட், இல்லையேல் ஓட்டும் சக்கரத்துக்கு அடியில் சிறு உருளை வண்டி. விபத்தில் பேட்டரி அடிபட்டிருந்தால், அணைந்துவிட்டது என்று தோன்றிய தீ பல மணி நேரம், சில சமயம் நாள்கள் கழித்தும் மீண்டும் பற்றும். அப்படிப்பட்ட காரை மற்ற வண்டிகளிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் 15 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு. இந்த இடைவெளி பெங்களூரின் எந்த கேரேஜ் வாசலில் இருக்கிறது? ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிளைத் தொடாதே என்கிற பாடம் மட்டுமாவது ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லப்பட வேண்டும்.

லாரி நின்றால்

கார்களைப் பற்றி இவ்வளவு எழுதியாயிற்று. உண்மையில் பயமுறுத்தும் வேலை லாரிதான். நம் நாமக்கல், சங்ககிரி ஆட்கள் அதிகம் இருக்கும் வேலையும் அதுதான்.

ஏர் பிரேக் உள்ள லாரியில் காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அது பாதுகாப்புக்கான அமைப்பு. ஆனால் இழுக்க வேண்டுமென்றால் விடுவித்தாக வேண்டும். மீட்பு வண்டியிலிருந்து ஏர் ஹோஸ் கொடுத்துக் காற்று ஏற்றலாம். அது முடியாதபோது பிரேக் சேம்பரில் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடிக்கலாம். ஸ்பிரிங் சுருங்கிய அந்த நொடியில் இருபது முப்பது டன் பாரம் எந்தப் பிடியும் இல்லாமல் நிற்கிறது. போல்ட் முறுக்கும் ஆள் எங்கே இருக்கிறார்? சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில். ஆகவே முதலில் கட்டை, அப்புறம்தான் எல்லாம். சரிவின் கீழ்ப்பக்கம், இரண்டு சக்கரத்துக்காவது, சக்கரத்தின் அளவுக்கு ஏற்ற கனமான ஆப்பு. வழியில் கிடந்த செங்கல் உடையும், உருண்டைக்கல் உருளும்.

“என் மாமன் போனது அப்படித்தாங்க” என்றார் சங்ககிரிக்காரர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவர் வண்டியில் நாலு ரப்பர் கட்டை, ஒவ்வொன்றிலும் கைப்பிடிக் கயிறு கட்டி, கேபின் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டியிருந்தது. டூல் பெட்டிக்கு அடியில் புதைத்துவைத்தால் அவசரத்தில் யார் எடுப்பார்கள் என்பது அவர் நியாயம்.

2024 டிசம்பர் 21-ஆம் தேதி தும்கூர் சாலையில் நெலமங்கலா அருகே கன்டெய்னர் லாரி ஒன்று கார் மேல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் ஆறு பேர் இறந்தார்கள். கன்டெய்னரைத் தூக்கக் கிரேன்கள் வர வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் அடியில் ஆள் இருக்கும்போது தூக்குவது என்பது தனிக் கலை. ஒரே கிரேன் ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இன்னும் அமுங்கும். தூக்கிய ஒவ்வொரு அங்குலத்துக்கும் அடியில் கட்டை செருகிக்கொண்டே போக வேண்டும். அதற்கான பயிற்சியும் பெரிய கிரேன்களும் நகரத்தின் ஒவ்வொரு நுழைவுச்சாலைக்கும் அருகே தயாராக நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

1989-ஆம் ஆண்டு சாலை விதிகள் இழுப்பதைப் பற்றித் தெளிவாகவே பேசின. இழுக்கப்படும் வண்டியில் லைசன்ஸ் உள்ள ஆள் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும், அல்லது திருப்பும் சக்கரங்கள் தரைக்கு மேல் உறுதியாகத் தூக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் கூடாது. கயிறோ சங்கிலியோ பிறர் கண்ணுக்கு எளிதில் தெரிய வேண்டும். பின்னால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் ‘ஆன் டோ’ என்று எழுதித் தொங்கவிட வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. இழுப்பதற்கான விதி அதிலும் உண்டு. அந்தப் பலகையைப் பெங்களூரில் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவு வரவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. பத்து மணி நேரம் கேட்பாரற்று நின்ற வண்டியை அகற்றலாம், போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனே அகற்றச் சொல்லலாம், செலவு உரிமையாளருடையது. லாரிகளுக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிர்பட்டை ஒட்டச் சொல்லும் விதியும், அந்தப் பட்டைக்கு ஏ.ஐ.எஸ். 090 என்கிற தரமும் உண்டு. இவையெல்லாம் இழுக்கப்படும் வண்டியையும் இழுக்கும் முறையையும் பற்றியவை. சாலையில் இறங்கி வேலை செய்யும் ஆளுக்கு எத்தனை கூம்பு, எந்த மேலங்கி, என்ன பயிற்சி என்று தனியார் டோயிங் வண்டியைக் கேட்டு நிறுத்துகிற ஆளைத்தான் நான் இதுவரை பார்க்கவில்லை. சுங்கச்சாலைகளில் நிலைமை கொஞ்சம் மேல். ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் எல்லாம் சாலையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைத்தால் வருவார்கள். ஆள் காயம் என்றால் 112.

பணம் பேசாமல் இதை முடிக்க முடியாது. நம் மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியின் வழக்கமான வாசகத்தை எடுத்துப் பாருங்கள். விபத்துக்குப் பின் வண்டியை அப்புறப்படுத்தும் செலவுக்குக் காருக்கு 1,500 ரூபாய், இரு சக்கரத்துக்கு 300, சரக்கு வண்டிக்கு 2,500 வரை என்று இருக்கும். இன்ஷூரன்ஸ் கட்டணம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றாக இருந்த டாரிஃப் காலத்து எண்கள் அவை, டீசல் விலை எங்கேயோ போய்விட்டது. சாலையோர உதவி என்று தனியாகக் கட்டணம் கட்டுகிறோம். அந்த நிறுவனம் உள்ளூர் வண்டிக்காரரிடம் ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேசுகிறது. அந்த ஒப்பந்தத்தில் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று இருக்கும். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் இருக்காது. ஆகவே ஒரே ஆள் வருகிறார், விரைந்து வருகிறார், கூம்பு வைக்க ஐந்து நிமிடம் செலவழிக்காமல் நேராக லீவருக்குப் போகிறார். என் பையன் கத்திய அன்று அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்று இல்லை. ‘எங்கே இருக்கீங்க, எவ்வளவு நேரம் ஆகும்’ என்று அரை மணி நேரத்தில் அவருக்கு ஆறு முறை போன் செய்தவன் நான்தான்.

சென்ற வாரம், பொம்மனஹள்ளியில் என் பக்கத்து வீட்டில் இருப்பவரின் கார் சில்க் போர்டு பாலத்துக்கு அருகே நின்றுவிட்டது. நான்தான் போன் செய்தேன். கூம்பு இருக்கிறதா, எத்தனை ஆள் வருவீர்கள், நாலு சக்கரத்துக்கும் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டேன். முதல் எண் வைத்துவிட்டார்கள். இரண்டாவது எண்ணில் ‘அதெல்லாம் எதுக்கு சார், வண்டி எங்க நிக்குது சொல்லுங்க’ என்றார்கள். மூன்றாவது எண்ணில் ஒரு பெண் குரல், கன்னடம் கலந்த தமிழில்: “கோன் ஆறு இருக்கு அண்ணா. ரெண்டு பேர் வருவாங்க. பெல்ட் இருக்கு. ஆனா ஐம்பது நிமிஷம் ஆகும், பரவால்லையா?”

பரவாயில்லை என்றேன். காரை விட்டு இறங்கி, நடைபாதைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, காத்திருந்தோம்.